லுங்கி முனையில் மெருகேறிய கிண்ணம்

போன மாதம் திண்டிவனத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கிளியனூருக்கு டிக்கெட் வாங்கியவன் நடுவழியிலேயே, நான் முன்பு வேலை பார்த்த பட்டறை வாசலில் இறங்கிவிட்டேன். மரத்தூள் வாசனை ஜன்னல் வழியாக வந்துவிட்டால் என் கால் என்னிடம் அனுமதி கேட்பதில்லை.

உள்ளே மரம் கடைகிற புது லேத்து ஒன்று நின்றது. கண்ணாடி மூடி போட்டது. மூடினால்தான் மோட்டார் ஓடும். திறந்தால் அந்த நொடியே நின்றுவிடும். புதிதாகச் சேர்ந்த இரண்டு மூன்று பேர் அதைச் சுற்றி நின்றார்கள். அதில் ஒருவர் என்னிடம் கேட்டார்.

"ஐயா, இந்த மூடியெல்லாம் இல்லாம நீங்கல்லாம் எப்படிங்க கடைஞ்சீங்க? பயமா இருக்காதா?"

"கவனமா கடைஞ்சோம்ப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். எனக்கு மேற்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. டீ வரும் இருங்கள் என்றார்கள், கண்ணில் சொட்டு மருந்து விட வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கவனமாகக் கடைந்தோமாம்! கவனமாக இருந்தவர் எங்கள் மேஸ்திரி. என்னிடம் இருந்தது வெறும் பழக்கம். அந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது, பரவாயில்லை.

என்னை உட்காரவைத்து யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. விழுப்புரத்தில் கடைசல் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் மிஷினைத் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். கட்டில் கால், பூரிக்கட்டை, தொட்டில் கம்பு, கார்த்திகை வந்தால் பம்பரம். எல்லோரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேலே பனியனோடு நிற்போம். பேன்ட் போட்டுக்கொண்டு ஒருத்தர் லேத்தில் நின்றால், "இன்னாப்பா, பேங்க்ல லோன் வாங்கப் போறியா?" என்று கிண்டல் செய்வோம். அந்த வெயிலுக்கு அப்படித்தான் முடியும். கல்யாணமாகிக் கிளியனூர் பக்கம் வந்த பிறகு, திண்டிவனம் சாலையில் இருக்கும் இந்தப் பட்டறைக்கு வந்தேன். முதலாளி கோட்டக்குப்பத்துக்காரர். நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். புதுச்சேரி கடைகளுக்குச் சின்னச் சின்ன மரக்கிண்ணம் செய்து அனுப்புவது அவருடைய வியாபாரம்.

உள்ளங்கையில் அடங்குகிற சாமான், இதில் என்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் போனேன். முதல் நாளே மூக்கு உடைந்தது. கட்டில் காலில் மரத்தின் நரம்பு நீளவாக்கில் ஓடும். உளியை எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி வெட்டும். கிண்ணத்தில் நரம்பு குறுக்கே கிடக்கும். ஒரு சுற்றுக்குள்ளேயே மரம் இரண்டு இடத்தில் இணங்கி வரும், இரண்டு இடத்தில் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கிற இடத்தில் உளி ஒரு முடி அளவு ஆழமாகப் போனாலும் கிண்ணம் பிய்த்துக்கொண்டு நெஞ்சுக்கு வரும். எனக்கு வந்தது.

மேஸ்திரி பெயர் சவரிமுத்து. சத்தமே போட மாட்டார். சாதாரணமாக என்னை "டேய் ஏழுமலை" என்பார். "டேய்" என்று கூப்பிடும்வரை பயமில்லை. மனசுக்குப் பிடிக்காததைச் செய்துவிட்டால் "சார்" ஆகிவிடும். "ஏழுமலை சார், அந்த உளிய கொஞ்சம் கீழ வைக்கிறீங்களா?" என்று அவர் கேட்டால், அன்றைக்குச் சோறு இறங்காது.

பச்சைப் பூவரசு வந்து இறங்கினால் வில்லை வில்லையாக அறுத்து, முதலில் முரட்டுக் கிண்ணமாகக் கடைவோம். சுவர் கட்டைவிரல் தடிமனுக்கு நிற்க வேண்டும். அதை அதனுடைய சீவலுக்குள்ளேயே புதைத்து, சாக்கில் கட்டி, காற்று படாத மூலையில் போட்டுவிடுவோம். மழை போய் வெயில் வந்த பிறகு அவிழ்த்தால், வட்டமாகப் போட்டது முட்டை மாதிரி ஆகியிருக்கும். கோணிக்கொள்ளட்டும் என்றுதான் அவ்வளவு தடிமன் விட்டது. நான் அவசரப்பட்டு ஒருமுறை முன்னாடியே அவிழ்த்தபோது மேஸ்திரி தடுத்தார். "அதுக்கு இன்னும் கோவம் தீரலடா. தீரட்டும். அப்புறம் பேசு" என்றார்.

கோபம் தீர்ந்த பிறகு மறுபடி மாட்டுவோம். முதலில் வெளிப்பக்கம். கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்னக் கால் விட்டு, அந்தக் காலை மிஷின் கவ்வுகிற மாதிரி திருப்பிப் போட்டு, உள்பக்கம். விளிம்பிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். நடுவில் கொப்பூழ் மாதிரி ஒரு குமிழ் நிற்கும். அதை எடுப்பதில்தான் ஆள் யார் என்று தெரியும். கொஞ்சம் விட்டால் மேடு, கொஞ்சம் அழுத்தினால் பள்ளம், தயங்கினால் அலை அலையாக வளையம். சுவர் மெலிய மெலியச் சத்தம் மாறும். முதலில் கொரகொர என்று இருப்பது, கடைசியில் சேலை மடிக்கிற மாதிரி ஒரு சத்தத்துக்கு வரும். அங்கே உளியை எடுத்துவிட வேண்டும்.

அதோடு முடியாது. முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மெல்லிசு வரை தேய்க்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் நார் பூனை முடி மாதிரி எழுந்து நிற்கும். காய விட்டு அதையும் தேய்க்க வேண்டும். சாப்பிடுகிற கிண்ணம் என்பதால் வார்னிஷ் ஆகாது. மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய் தடவினால் கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெயில் தேன்மெழுகைக் காய்ச்சிப் பூசி, ஊற விட்டு, பிறகு கிண்ணத்தை ஓட விட்டுத் துணியால் மெருகு ஏற்ற வேண்டும்.

இந்தத் துணி விஷயத்தில்தான் மேஸ்திரி கண்டிப்பு. துணியை உள்ளங்கைக்கு மேல் பெரிதாக வைத்துக்கொள்ளக் கூடாது. விரலில் சுற்றக் கூடாது. கீழ்ப்பக்கமாக விரல் நுனியில் தொட்டும் தொடாமல் பிடிக்க வேண்டும். "மிஷின் கேட்டா குடுத்துடணும். இழுத்துப் புடிச்சிக்கினு சண்டை போடக் கூடாது. அதுக்குக் கரண்டு இருக்குது, நமக்கு இன்னா இருக்குது?" என்பார்.

எனக்கு ஒரு வித்தை இருந்தது. விழுப்புரத்தில் நானாகக் கண்டுபிடித்தது. புதுத்துணி எவ்வளவு தேய்த்தாலும் கிண்ணத்துக்கு ஒரு மாதிரி கண்ணாடிப் பளபளப்புதான் வரும். பல வருஷம் துவைத்து நைந்துபோன லுங்கி இருக்கிறதே, அதற்கு ஈடே இல்லை. அதில் தேய்த்தால் கிண்ணம் எண்ணெய் குளியல் முடித்த குழந்தை மாதிரி ஆகிவிடும். கிழித்து எடுத்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் நான் கட்டியிருக்கிற லுங்கியின் முனையையே தூக்கி, கடைசியாக இரண்டு இழுப்பு இழுத்து விடுவேன். அது என் முத்திரை என்று எனக்கு ஒரு நினைப்பு. மேஸ்திரி பார்த்துவிட்டால், "சார், கத்திரிக்கோல் அங்க இருக்குதுங்க சார்" என்பார். நான் சிரித்துக்கொண்டு லுங்கியை விட்டுவிடுவேன். அவர் முதுகு திரும்பியதும் மறுபடி தூக்குவேன்.

தேய்க்கிற பகுதியில் பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அதில் அஞ்சலைக்குத்தான் அனுபவம் அதிகம். எனக்கு முன்பே பட்டறைக்கு வந்தவர். லேத்தில் நாங்கள் விடுகிற தப்பெல்லாம் அவர் மேஜைக்குத்தான் போகும். உப்புத்தாளை வைத்துக்கொண்டு மேட்டைக் கரைத்து, பள்ளத்தைச் சரிக்கட்டி, எங்கள் மானத்தைக் காப்பாற்றி அனுப்புவார். அதனால்தானோ என்னவோ, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு இரண்டாவது லேத்தில் தானே கடைந்து பார்க்கத் தொடங்கியிருந்தார். அந்த லேத்துக்காரர் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டதால் அது சும்மா நின்றது.

ஒருநாள் பாய் வந்திருந்தபோது எல்லார் முன்னாலும் நேராகவே கேட்டுவிட்டார்.

"பாய், அந்த லேத்த எனக்குக் குடுங்க. நாள் பூரா மத்தவங்க வுட்ட தப்பத் தேய்ச்சித் தேய்ச்சி இருமல்தான் மிச்சம். தப்பு வுடாம கடைஞ்சிட்டா தேய்க்கவே வேணாம் இல்ல? இல்லன்னா சொல்லிடுங்க, செருப்புக் கம்பெனி வேன் ஆள் ஏத்த எங்க தெருவுக்கே வருது, நான் அதுல போறேன்."

பாய் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, "கடையுதுங்க. நல்லாத்தான் கடையுது" என்றார். பாய் என்னைப் பார்த்தார். அப்போது நான் ஒருத்தன்தான் லேத்தில் நின்றவன். என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது.

"பொடவ கட்டிக்கினு லேத்துல நிக்க முடியுமா பாய்? முந்தானை ஒரு தடவை சுத்திக்கிச்சின்னா ஆளையே உள்ள இழுத்துடும். அப்புறம் யாரு பதில் சொல்றது?" என்றேன்.

"முன்பக்கம் மறைக்கிற மாதிரி, இறுக்கமா ஒரு கோட்டு தச்சி போட்டுக்கறேண்ணே" என்றார் அஞ்சலை.

"கோட்டா? கோட்டு போட்டுக்கினு கலெக்டர் ஆபீசுக்கா போற?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாயும் சிரித்தார். அஞ்சலை போய்த் தேய்க்க உட்கார்ந்துவிட்டார். பாய், "அடுத்த வாரம் வந்து முடிவு சொல்றேன்" என்று காரில் ஏறிவிட்டார். ஆனால் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொன்னது பொய்யில்லை. துணி ஆளை இழுக்கும் என்பது சத்தியம். அதை நான் சொன்னதுதான் வேடிக்கை.

அந்த வாரம் முடிவதற்குள்ளேயே அது நடந்தது. நல்ல வெயில். தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு இருந்தோம். அன்றைக்கு ஒரு கிண்ணம் எனக்கு அபாரமாக வந்திருந்தது. பூவரசின் நடுமரம், கறுஞ்சிவப்பும் காப்பிக் கலருமாக ரேகை ரேகையாக ஓடியது. மெழுகு பூசி, துணி போட்டு, கடைசி இழுப்புக்கு வந்தேன். மேஸ்திரி வெளியே மரம் இறக்கிக்கொண்டிருந்தார். லுங்கி முனையைத் தூக்கினேன். முதல் இழுப்பு. இரண்டாவது இழுப்பில் நைந்த துணியின் ஓரத்திலிருந்த ஒரு நூல், கிண்ணத்தின் காலைக் கவ்வியிருந்த இரும்பில் போய் மாட்டியது.

எப்படி நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு நூல்தான். அடுத்த நொடி இடுப்பில் யாரோ பிடித்து வெடுக்கென்று இழுத்தார்கள். நான் மிஷின்மேல் போய் விழுந்தேன். இரண்டு கையையும் ஊன்றி உதைத்துத் தள்ளினேன். லுங்கி முடிச்சு அவிழ்ந்தது. அவிழ்ந்ததால்தான் உயிரோடு இருக்கிறேன். லுங்கி முழுசாகப் போய்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு படபடவென்று அடிக்கிறது. நான் பனியனோடு நிற்கிறேன். உள்ளே என்ன போட்டிருந்தேன் என்று கேட்பீர்கள். வெயில் காலம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

மிஷின் சட்டென்று நின்றது. அஞ்சலை ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயினை இழுத்துவிட்டிருந்தார். அதே கையோடு, சீவல் மூடி வைத்திருந்த சாக்கை உருவி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு என்மேல் எறிந்தார். மற்ற பெண்களைப் பார்த்து, "இன்னா நின்னுக்கினு இருக்கறீங்க? டீ குடிச்சிட்டு வரலாம், ஜல்தி வாங்கடி" என்று எல்லோரையும் ஓட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போகும்போது ஒருத்தி களுக்கென்று சிரித்தது கேட்டது. "சிரிச்சன்னா பல்ல ஒடைப்பேன்" என்று அஞ்சலை சொன்னதும் கேட்டது.

மேஸ்திரி ஓடி வந்தார். என் கையையும் விலாவையும் தொட்டுப் பார்த்தார். இரண்டு விரல் பிசகியிருந்தது, வயிற்றில் வரி வரியாகச் சிவந்திருந்தது, வேறொன்றுமில்லை. அவர் லேத்துக்குப் போய், பந்து மாதிரி இறுகிக் கிடந்த லுங்கியைக் கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தார். உள்ளே கிண்ணம் இருந்தது. ஒரு கீறல் இல்லை. இருட்டுக்குள் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி மின்னியது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டேய்" என்றும் சொல்லவில்லை, "சார்" என்றும் சொல்லவில்லை. ஆணியில் மாட்டியிருந்த தன் மாற்று வேட்டியை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. விரல் வலி என்று சொன்னேன். என் வீட்டுக்காரி இந்திராவுக்கு விஷயம் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது.

"எத்தினி பேரு பாத்தாங்க?" என்றாள்.

"பட்டறைல இருக்கறவங்க."

"பொம்பளைங்களுமா?"

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"சரி வுடு. பாத்தவங்க மறந்துடுவாங்க. நீதான் பொத்திப் பொத்தி வச்சிக்கினு இருப்ப" என்றாள். ஆறுதல் சொல்கிறாளா, குத்துகிறாளா என்று புரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருவது மட்டும் முதுகுக்குப் பின்னாலும் தெரிந்தது.

எனக்கு உடம்பைப் பார்த்துவிட்டார்களே என்கிற வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிது இன்னொன்று. முந்தானை மாட்டும் என்று நான் யாரை மட்டம் தட்டினேனோ, அவர் கையால்தான் சாக்கு வாங்கிப் போர்த்திக்கொண்டேன். விழுப்புரத்துக்கே திரும்பிப் போய்க் கட்டில் கால் கடைந்து பிழைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அங்கே யாரும் கிண்ணம் கேட்க மாட்டார்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து வாசலில் மொபெட் சத்தம் கேட்டது.

"ஏழுமலை சார் இருக்காருங்களா?"

மேஸ்திரி உள்ளே வந்து, இந்திரா கொடுத்த தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு, பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்தால், அந்தக் கிண்ணம்.

"மெருகு நல்லாத்தான் ஏறி இருக்குது" என்றார். கிண்டலாக இல்லை. வேலையைப் பார்த்துச் சொல்வது போலவே சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னைய வுட்டுடுங்க மேஸ்திரி. நான் வரல."

"நீங்க வரலன்னா வுட்டுடலாம் சார். ஆனா நாளைக்கு பாய் வர்றாரு. ஆம்பளைக்கே இப்படி ஆச்சின்னா பொம்பளைங்க லேத்து கிட்டயே போவ வேணாம்னு சொல்லி அனுப்பி இருக்காரு. அஞ்சலை வேன்காரன் கிட்ட பேசிட்டுது. நாளைக்கு பாய் வாயால கேட்டுட்டு, மறுநாள்லேர்ந்து செருப்புக் கம்பெனிக்குப் போயிடும்."

"நீங்க சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். அங்க மாட்டுனது என் வேட்டி இல்லியே சார். எது மாட்டுச்சி, ஏன் மாட்டுச்சின்னு மாட்டுனவன்தான் சொல்லணும்."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மறுநாள் காலையில் இந்திரா பெட்டியைக் குடைந்து, மச்சான் கல்யாணத்துக்கு நான் போட்டிருந்த பேன்ட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். போட்டுக்கொண்டேன். இடுப்பில் ஏறவில்லை; கயிறு கட்டிக்கொண்டு போனேன்.

பட்டறையில் நான் நுழைந்ததும் சத்தம் நின்றது. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, யாரும் பார்க்காமலும் இல்லை. அஞ்சலை தன் மேஜையைத் துடைத்துக் காலி செய்துகொண்டிருந்தார். பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வா ஏழுமலை. கை எப்படி இருக்குது? நல்ல வேளை, அல்லா காப்பாத்தினான். இதே ஒரு பொம்பளைக்கு ஆயிருந்தா என் நெலமை இன்னா? நீ அன்னிக்கே சரியா சொன்ன. அதனாலதான் சொல்றேன், லேத்து வேலை ஆம்பளைங்களோட இருக்கட்டும்."

நான் சொன்னதே என் கண் முன்னால் வந்து நின்றது. "சரி பாய்" என்று தலையாட்டிவிட்டு லேத்துக்குப் போயிருக்கலாம். அதற்குமேல் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. எல்லோரும் மரியாதையாக மறந்த மாதிரி நடித்திருப்பார்கள். பேசினால், அந்த நாளை நானே அவிழ்த்துப் போட வேண்டும்.

"பாய், அன்னிக்கு லுங்கி தானா மாட்டல. நான்தான் மாட்ட வச்சேன்" என்றேன்.

மேஸ்திரி உப்புத்தாள் கட்டை எண்ணுவது போல் குனிந்துகொண்டார். உதவிக்கு வரமாட்டார் என்று தெரிந்தது.

"மேஸ்திரி வேணாம் வேணாம்னு சொன்னாரு. கட்டி இருக்கற லுங்கியத் தூக்கி ஓடற கிண்ணத்துல தேய்ச்சா நல்லா மெருகு வரும்னு நானா செஞ்சிக்கினு இருந்தேன். தெனமும் செஞ்சேன். அன்னிக்கு மாட்டிக்கிச்சி. என் துணி மொத்தமும் போயிடுச்சி, எல்லாரும் பாத்தாங்க. அஞ்சலை மெயின இழுக்கலன்னா என் கையும் போயிருக்கும். நான் வந்ததுலேர்ந்து பாக்கறேன் பாய், இது உப்புத்தாளக்கூட விரல்ல சுத்தாது. ஓடற மிஷின் கிட்ட துணியக் கொண்டு போவாது. லேத்துல நிக்கக் கூடாத ஆளு யாருன்னு கேட்டா, அது நான்தான்."

பாய் தாடியைத் தடவினார்.

"அது சரி. ஆனா பொடவ பொடவதானே? அது கோட்டு கோட்டுன்னுச்சே, அதெல்லாம் யாரு போடுவாங்க? முதல்ல எவனாவது ஆம்பள போடுவானா அத?"

அஞ்சலை மேஜைக்குக் கீழேயிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். ஏற்கெனவே தைத்து வைத்திருந்திருக்கிறார். ஜன்னல் திரைத்துணி, மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய ரோஜாப் பூ போட்டது. கழுத்து முதல் முழங்கால் வரை மூடும். கை மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கும். பட்டன் எல்லாம் முதுகுப் பக்கம். முன்னால் மாட்டுவதற்கு ஒரு நூல் இல்லை. கைதேர்ந்த தையல். அதை மேஜைமேல் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை.

நான் போய் எடுத்தேன். கையை நுழைத்தேன். என் அளவுக்குத் தைத்ததில்லை, தோளில் இறுகியது. முதுகில் பட்டன் எட்டவில்லை. மேஸ்திரி பின்னால் வந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார். ரோஜாப் பூவோடு திரும்பி நின்றேன்.

"அய்யய்யோ, நைட்டி!" என்று ஒரு பெண் கத்திவிட்டாள். அதற்குப் பிறகு பட்டறையே குலுங்கியது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு லுங்கி போனபோது வராத சிரிப்பையெல்லாம் சேர்த்துவைத்து இன்றைக்குச் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அப்படியே போய் லேத்தில் நின்று, மிஷினை ஓட விட்டு, கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். எதுவும் மாட்டவில்லை. ஒரு கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை முழுசாகக் கடைந்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"இறுக்குதாடா?" என்றார் மேஸ்திரி. டேய் வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலைமையில் நான் இல்லை.

"இறுக்குது. மாட்டாது" என்றேன்.

பாய் எழுந்தார். "சரி. இனிமே லேத்துல நிக்கறவங்க எல்லாரும் இத போடணும், ஆம்பளையும் சேத்துத்தான். அஞ்சலை, ஒரு கிண்ணம் கடைஞ்சி காட்டு. ஏழுமலை பாக்கட்டும். அவன் சரின்னா லேத்து ஒனக்கு."

வேறு யாரையாவது பார்க்கச் சொல்லியிருக்கலாம். மேஸ்திரி என் முதுகில் பட்டனை அவிழ்த்துவிட்டார். என் வேர்வையில் நனைந்த கோட்டை அஞ்சலை ஒருமுறை உதறிவிட்டுப் போட்டுக்கொண்டார். முந்தானையை உள்ளே செருகி, முடியை இறுக்கி முடிந்து, இரண்டாவது லேத்தில் போய் நின்றார். உளியைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, சாப்பாட்டு நேரத்துப் பழக்கம் சும்மா போகவில்லை. வெளிப்பக்கம் முடித்தார். கால் விட்டார். திருப்பிப் போட்டார். விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்தார். சத்தம் மெலிந்துகொண்டே போய், சேலை மடிக்கிற இடத்துக்கு வந்ததும் உளி நின்றது. கிண்ணத்தைக் கழற்றி, மேஸ்திரியிடம் போகாமல் நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். அந்த நாளுக்குப் பிறகு அவர் என் எதிரில் வந்து நின்றது அப்போதுதான்.

என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிண்ணத்தைப் பார்த்தேன். சுவர் சுற்றிலும் ஒரே தடிமன். விளிம்பு சுத்தம். கட்டைவிரலை உள்ளே விட்டு அடியைத் தடவினேன். நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் விரலில் லேசாக ஏதோ தட்டியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லாம் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் கடனும் தீர்ந்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் அது பிச்சை போட்ட மாதிரி ஆகிவிடும். அவர் கேட்டது பிச்சை இல்லை, லேத்து.

"லேத்து உனுதுதாம்மா. ஆனா அடியில ஒரு அலை இருக்குது" என்றேன்.

"எங்க?"

கையிலிருந்து வாங்கி, தன் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "ஆமா, இருக்குது" என்றார். திரும்பிப் போய்க் கிண்ணத்தை மறுபடி மிஷினில் மாட்டி இறுக்கினார். அந்த அலையை எப்படி எடுக்கிறார் பார்க்கலாம் என்று நானும் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன்.

சுவிட்சில் கை வைத்தவர், போடாமல் நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுண்ணே. துணி மாட்டிக்கப் போவுது."

நான் அன்றைக்கு பேன்ட்தான் போட்டிருந்தேன். இருந்தாலும் தள்ளி நின்றேன்.